மடி ஆசனமாகுமா?

பழனி மலைத்தொடரிலே, கொடைக்கானலுக்குக் கீழே, வெள்ளகவி என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து கால்நடையாக மலையேறுவோர் அவ்வூரின் வழியாகவே வட்டக்கானலை அடைவர். தெய்வங்கள் குடியிருக்கும் பூமியென்று கருதி, ஊருக்குள் செருப்பணியாமல் நடக்கும் ஜனங்கள் வாழும் இடம் அது. அரிசியையும் உப்பையும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தலையிலும் தோளிலும் குதிரை முதுகிலும் ஏற்றியே கொண்டுவந்திருக்கிறார்கள். பிரசவ வேதனைப்படும் ஸ்திரீகளையும், நோயுற்றவர்களையும் கம்பிலே போர்வையைக் கட்டி, டோலியாக்கித் தூக்கிச் சென்றிருக்கிறார்கள். மோட்டார்ப் பாதை வேண்டுமென்று அவர்கள் சர்க்காரிடம் முறையிட்டு வந்த காலம் கொஞ்சநஞ்சமன்று.

மோட்டார் ஏறாத பாதையைச் சொல்லிக்கொண்டு, மோட்டார் வண்டியில் குழந்தைகளை எவ்வாறு அழைத்துச் செல்வது என்ற விஷயத்தை எழுதப் புகுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பாதையின் மேல்முனையிலே, வட்டக்கானலிலே, கோடைக்காலத்தில் ஒரு நாள் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் சொல்ல வருவது விளங்கும். மதுரை, திருச்சி, கோயமுத்தூர், சென்னை ஆகிய நகரங்களிலிருந்து வரும் கனவான்கள் அங்கே வண்டியை விட்டிறங்கி, டால்பின் நோஸ் என்ற பாறையை நோக்கி நடக்கிறார்கள். பாறைக்கு அப்பால் அதலபாதாளம். இரண்டு வயதுக் குழந்தையை உடன் கொண்டுவந்த தகப்பன் அதன் கையை விடுவதில்லை. மணிக்கட்டை இறுகப் பற்றியிருப்பான், அல்லது தூக்கி மார்போடு அணைத்திருப்பான். குழந்தை அழுதாலும் விடமாட்டான். அழுகைக்கு இரங்கிக் கையை விட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குக் கண்முன்னே தெரிகிறது.

அதே தகப்பன் அன்று காலையில் அக்குழந்தையை மலைக்கு எப்படிக் கொண்டுவந்தான்? முன் ஆசனத்தில் மனைவியின் மடியில் வைத்தான், அல்லது இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே நிற்கவைத்தான். சில வண்டிகளில் ஓட்டுபவனே குழந்தையை மடியில் அமர்த்தி, அதன் கைகளைச் சக்கரத்தின் மேல் வைத்து மகிழ்கிறான். குழந்தை குதூகலிக்கிறது, பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பாறையின் விளிம்பில் அத்தனை ஜாக்கிரதையாக இருந்த மனிதன் வண்டிக்குள் இத்தனை அஜாக்கிரதையாக இருப்பதன் காரணம் என்ன? அன்புக் குறைவா? இல்லை. பாறையிலே பள்ளம் தெரிகிறது, வண்டியிலே பள்ளம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் பள்ளம் இருக்கிறது. அதன் ஆழத்தைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி திடீரென்று எதன்மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத குழந்தை 11 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்த வேகத்தோடு முன்னே எறியப்படும். வேகம் 50 ஆனால் அந்த உயரம் 32 அடி. அதாவது மூன்றாவது மாடி. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 80 அடிக்கு மேலே. மூன்றாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் தாய் தந்தையர் நம் தேசத்தில் உண்டா? ஒருவரும் இல்லை. வண்டிக்குள்ளோ நாள்தோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

“தாயின் கை பிடித்திருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்பார்கள். போதாது. 10 கிலோ எடையுள்ள குழந்தையுடன் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் அக்குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், ஏறக்குறைய 140 கிலோ பாரத்தைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? எந்தப் பயில்வானின் கைதான் தாங்கும்? போதாக்குறைக்கு, அந்தத் தாயும் பெல்ட் அணியாதிருந்தால், அவளுடைய உடம்பே குழந்தையின் மேல் பாய்ந்து அதனை நசுக்கிவிடும். தன்னையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டிக்கொள்வதும் அபாயமே; நடுவில் அகப்பட்ட குழந்தை பெல்ட்டுக்கும் தாய்க்கும் இடையே நெரிபடும். மடி அன்பின் இருப்பிடம். அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடும் வண்டியிலே மடி ஆசனமாகாது.

இந்த உண்மையை மேனாட்டார் பிறவியிலேயே அறிந்தவர்களல்லர். 1930களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட குழந்தை ஆசனங்கள், குழந்தை துள்ளாமல் ஓரிடத்தில் இருப்பதற்கும், உயர்ந்து உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்ப்பதற்கும் ஏற்பட்டவையே. உயிரைக் காக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு ஆசனங்கள் அமைக்கப்பட்டது 1960களில்தான். ஸ்வீடன் தேசத்துப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், வான்வெளி வீரர்கள் முதுகைக் கொடுத்து வேகத்தைத் தாங்குவதைக் கண்டு, குழந்தையும் வண்டியின் பின்புறம் நோக்கி அமரவேண்டும் என்ற யோசனையை வெளியிட்டார்.

அமெரிக்காவில் டென்னஸி ராஜ்யத்தின் கதை நம்மவர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ராபர்ட் ஸாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் அங்கே இடைவிடாது கிளர்ச்சி செய்தார். அதன் பயனாக, நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தக்க ஆசனத்தில் அமர்த்தவேண்டும் என்ற சட்டம் 1977ஆம் ஆண்டில் நிறைவேறி, 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமுலுக்கு வந்தது. அமெரிக்காவிலே அத்தகைய சட்டங்களில் அதுவே முதலாவது. ஆனால் சட்டசபையார் அதில் ஒரு விலக்கைப் புகுத்தினார்கள். கையில் குழந்தையை ஏந்தியிருந்தால் ஆசனம் வேண்டாம் என்பதே அந்த விலக்கு. தாயின் அரவணைப்புக்கு மரியாதை செய்வதாக அவர்கள் எண்ணினார்கள். வைத்தியர்களோ அந்த விலக்குக்குக் குழந்தையை நசுக்கும் விதி என்றே பெயரிட்டுப் போராடினார்கள். 1981ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டுக்குள் அமெரிக்காவின் எல்லா ராஜ்யங்களிலும் குழந்தை ஆசனச் சட்டம் வந்துவிட்டது. மடியைப் பற்றிய மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதும், பிரசாரத்தாலும் சட்டத்தாலும் அதனைப் போக்கலாம் என்பதும் இதனால் விளங்கும்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகாவின் மதிப்பு இருக்கிறது. கார்களில் ஆசனத்தை முறையாக உபயோகித்தால், ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மரணம் 100க்கு 71 பங்கும், ஒன்று முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகளின் மரணம் 100க்கு 54 பங்கும் குறையும் என்று அது கணக்கிட்டிருக்கிறது. இத்தகைய மருந்து ஒன்று குப்பியிலே வந்திருந்தால், ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் வரிசையாக நின்றிருப்பார்கள். ஆசனமாக வந்ததனால் அலட்சியம் செய்கிறோம்!

நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் தேசத்திலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105 விபத்துக்கள், 17,884 மரணங்கள். பெல்ட் அணியாமல் மாண்டவர்கள் தேசமெங்கும் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்களல்லர், உள்ளே அமர்ந்து சென்றவர்கள். ஒரு யுத்தத்தில் இத்தனை பேரை இழந்திருந்தால் தேசமே கொந்தளித்திருக்கும். சாலையில் இழந்தால், விதியென்று சொல்லி வீட்டுக்குத் திரும்புகிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டாலோ குழந்தை ஆசனத்தாலோ காப்புச் செய்யாமல் வண்டி ஓட்டுபவனுக்கும், ஓட்ட அனுமதிப்பவனுக்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. இருசக்கர வண்டிகளுக்கும் 2022ஆம் ஆண்டில் விதி செய்தார்கள். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவனோடு இணைக்கும் வார் வேண்டும். அதற்குத் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அது அமுலுக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ‘பாரத் என்கேப்’ என்ற பரீட்சையும் தொடங்கியது. புதிய கார்களை மோதவிட்டுப் பார்த்து, உள்ளிருக்கும் குழந்தைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதற்கு அங்கே தனியாக மதிப்பெண் இடுகிறார்கள்.

இவ்வளவும் ஏட்டில் இருக்கின்றன. சாலையில் என்ன இருக்கிறது? தலைக்கவசம் இல்லாதவனை மறித்து நிறுத்தும் போலீஸ்காரர், மடியில் குழந்தையோடு முன் ஆசனத்தில் செல்லும் தாயைக் கண்டால் புன்னகை செய்து வழிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய வீட்டிலும் அதுதான் வழக்கம். வாடகைக்கு வரும் டாக்ஸியில் குழந்தை ஆசனம் உண்டா என்று கேட்டால், ஓட்டுநர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல், பொருள் எளிதில் கிடைக்கவும் வழி செய்யாமல், அபராதத்தை மட்டும் எழுதிவைப்பது ராஜ்ய பரிபாலனம் ஆகாது.

நிற்க. ஜனங்களின் தரப்பிலிருந்து வரும் ஆட்சேபங்களையும் கவனிக்க வேண்டும். முதலாவது, “இது அந்நிய நாகரிகம், நமக்கு வேண்டாம்” என்பது. மோட்டார் வண்டியே அந்நிய நாட்டிலிருந்து வந்ததுதான். வேகத்தை வாங்கிக்கொண்டு காவலை வேண்டாமென்று தள்ளுவது என்ன தேசபக்தி? சிங்கப்பூரிலே வாழும் நம் தமிழ்ச் சகோதரர்கள், 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளைச் சொந்த வண்டியில் தக்க ஆசனம் இல்லாமல் அழைத்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. அதனால் அவர்களுடைய தமிழ்ப் பண்பு குன்றிவிடவில்லை. மேலும், கட்டிக் காப்பது நமக்குப் புதிதா? தூளியில் கிடத்துகிறோம், இடுப்பிலே சேலையால் கட்டிக்கொள்கிறோம். மலைச்சரிவிலே டோலி தூக்குவோர், உள்ளிருப்பவர் நழுவிவிடாதபடி போர்வையை இறுக்கி முடிந்த பிறகே அடியெடுத்து வைக்கிறார்கள். பாதை எத்தகையதோ கட்டும் அத்தகையதாக இருக்கவேண்டும் என்பது நம் முன்னோர் அறிந்த நீதி. 1845ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய நாட்களில், அவர்களுடைய மனைவி மக்களும் நம் ஜனங்களின் தோளிலே டோலியேறித்தான் மலைக்குச் சென்றார்கள். பின்னர் வத்தலக்குண்டு வழியாக மோட்டார்ச் சாலை வந்தது. வேகம் பன்மடங்கு பெருகியது. கட்டு மட்டும் அவிழ்ந்துவிட்டது!

இரண்டாவது ஆட்சேபம், “குழந்தை ஆசனத்தில் உட்கார மறுத்து அழுகிறது” என்பது. இது உண்மையான கஷ்டம். இதனை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் அழுகையின் காரணத்தைச் சற்று விசாரிக்க வேண்டும். குழந்தைக்குப் பசி இருக்கலாம், துணி நனைந்திருக்கலாம், வார் உறுத்தலாம், உடம்பு புழுங்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் ஒன்றே: வண்டியை நிறுத்துவது. நம் குடும்பங்களில் வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் புருஷர். நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று ஓட்டத்திலேயே கண்ணாயிருப்பவர். “ஓடும்போதே பால் கொடு, நிறுத்த நேரமில்லை” என்று அவர் சொல்லும்போதுதான் குழந்தை ஆசனத்திலிருந்து மடிக்கு வருகிறது. பிறகு விபத்து நேர்ந்தால், “தாய் கையை விட்டுவிட்டாள்” என்று ஊர் பேசும். கையை விட்டவள் தாயல்லள். பத்து நிமிஷம் வண்டியை நிறுத்த மனமில்லாத தகப்பனே விட்டவன். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் ஆடவர்கள் இதனைத் தங்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

மூன்றாவது ஆட்சேபம் விலையைப் பற்றியது. ஏழைகள் விஷயத்தில் இது முற்றிலும் நியாயம். அதற்குச் சர்க்கார் செய்யவேண்டியதைப் பின்னே சொல்லுவோம். பல லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்குகிறவர் இந்த ஆட்சேபத்தைச் சொல்வது அழகன்று. வண்டியின் சக்கரத்துக்கு அலங்காரத் தட்டும், உள்ளே சங்கீதப் பெட்டியும் வாங்கியவருக்கு, வம்சத்தின் கொழுந்தைக் காக்கும் ஆசனம் மட்டும் விலை அதிகமாகிவிடுமா?

இனி, மலைப் பாதையில் குழந்தையைப் பத்திரமாகவும் சௌகரியமாகவும் கொண்டுசெல்லும் முறையைச் சொல்லுவோம். சிசுவின் தலை அதன் உடலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, கழுத்தெலும்பு முற்றாதது. முன்னோக்கி அமர்ந்திருக்கும்போது மோதல் நேர்ந்தால் அந்தக் கனத்த தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து முறியும். பின்னோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனமே தாங்கிக்கொள்ளும். ஆகையால் ஆசனத்தில் குறித்துள்ள எடை, உயர வரம்பு வரையில் குழந்தையைப் பின்னோக்கியே அமர்த்த வேண்டும். இரண்டு வயதாவது நிரம்பட்டும். அப்பால் ஐந்து முனை வாருள்ள ஆசனத்தில் முன்னோக்கி அமர்த்தலாம். அதற்கும் அப்பால், உடம்பில் பெல்ட் சரியாகப் படியும்வரை, உயர்த்தும் ஆசனம் வேண்டும். ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்த பிறகே பெரியவர்களின் பெல்ட் பொருந்தும். அதற்கு முன் அது கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும்.

ஆசனத்தை எப்பொழுதும் பின்வரிசையில் பொருத்துக. முன்னே காற்றுப் பை உள்ள இடத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. பை விரியும் வேகம் பெரியவரைக் காக்கும், சிசுவையோ கொன்றுவிடும். பொருத்திய ஆசனத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விழக்கூடாது. ஆசனத்தின்மேல் ஏ.ஐ.எஸ்.-072 என்ற இந்தியத் தர முத்திரையோ, அதற்கொப்பான ஐரோப்பிய முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஆசனம் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் உதவாது.

கொடைக்கானலுக்குச் செல்வோர் முக்கியமாக அறியவேண்டியது ஒன்று உண்டு. வத்தலக்குண்டில் வெயில் கொளுத்தும். 7,000 அடி உயரத்தில் குளிர் நடுக்கும். நடுவழியில் குழந்தைக்குக் கனத்த கம்பளிச் சட்டையை மாட்டி, அதன்மேல் வாரைப் பூட்டுகிறார்கள். இது பெரும் பிசகு. மோதும்போது கம்பளி அமுங்கும், வார் தளரும், குழந்தை நழுவும். மெல்லிய உடையின்மேல் வாரை இறுக்கிவிட்டு, அதற்குமேல் போர்வையைப் போர்த்துங்கள். கீழே வெயிலில் வண்டியை நிறுத்தியிருந்தால், பூட்டின் உலோகப் பகுதி பழுக்கக் காய்ந்திருக்கும். தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை அமர்த்துக. நிறுத்திய வண்டிக்குள் குழந்தையை ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். கண்ணாடியடைத்த வண்டி வெயிலில் அடுப்பாகிவிடும்.

இரண்டு மணிக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி, குழந்தையை எடுத்து, கால் நீட்டிக் கிடக்கவோ ஓடியாடவோ விடவேண்டும். சிறு சிசுக்களை இன்னும் அடிக்கடி எடுக்கவேண்டும். ஆசனத்தில் வெகுநேரம் உறங்கும் சிசுவின் தலை மார்பின்மேல் கவிழ்ந்து சுவாசம் தடைப்படக்கூடும். ஆகவே பின்வரிசையில் ஒரு பெரியவர் அருகே அமர்ந்து பார்த்துக்கொள்வது நலம். ஊர் சேர்ந்ததும் தூங்குகிற குழந்தையை ஆசனத்தோடு விட்டுவைக்காமல், சமமான படுக்கைக்கு மாற்றுக. வளைவுகளில் வரும் குமட்டல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே பெரும்பாலும் வருத்தும். புறப்படுமுன் எண்ணெய்ப் பண்டங்களை விலக்கி, இட்லி போன்ற இலகுவான ஆகாரம் கொடுத்தால் போதும். கண்ணாடியைச் சற்று இறக்கிக் காற்று வரச் செய்க. கைப்பேசியில் படம் காட்டாமல், தூரத்து மலையைக் காட்டிக் கதை சொல்லுக. எல்லாவற்றுக்கும் மேலாக, வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும். தூக்குச்சட்டி, தண்ணீர்ச் செம்பு முதலியவற்றைப் பின்புறப் பலகையின்மேல் வைக்காதீர்கள். மோதும்போது அவை பீரங்கிக் குண்டுகளாகும்.

இவை குடும்பத்தார் செய்யவேண்டியவை. சர்க்கார் செய்யவேண்டியவை என்ன? சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி, 2024ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில், வாரநாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதித்தார்கள். மலையின் நலத்தை முன்னிட்டு வண்டியின் எண்ணைக் கேட்கத் தெரிந்த சர்க்காருக்கு, உள்ளே குழந்தை உண்டா, அதற்கு ஆசனம் உண்டா என்று கேட்பது பெரிய காரியமா? இ-பாஸ் விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும். ஆசனம் இல்லாதவர்களுக்கு, மலையடிவாரத்திலேயே சொற்ப வாடகைக்கு ஆசனம் கிடைக்கச் செய்யலாம். கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்திலும் மதுரை விமான நிலையத்திலும் இதே ஏற்பாடு வேண்டும். சுற்றுலா டாக்ஸிகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, கேட்பவர்களுக்குக் கொடுக்க ஓர் ஆசனமாவது கைவசம் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம்.

2015ஆம் ஆண்டில் நம் ராஜ்ய சர்க்கார், சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் வழங்கத் தொடங்கிற்று. கொசுவலையும் கிலுகிலுப்பையும் கொடுக்க முடிந்த சர்க்காருக்கு, பிரசவ ஆஸ்பத்திரிகளில் சிசு ஆசனங்களை இரவலாகக் கொடுக்கும் நிலையம் அமைக்கவும் முடியும். குழந்தை ஓராண்டில் வளர்ந்துவிடும். விபத்தில் அடிபடாத ஆசனம் அடுத்த குழந்தைக்கு உதவும். அதன்மீது வரும் வரியைச் சர்க்கார் விட்டுக்கொடுக்கட்டும். கார்களை உற்பத்தி செய்து உலகமெங்கும் அனுப்பும் சென்னை நகரத்தைச் சுற்றிலும், கோயமுத்தூரிலும், ஒசூரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு, நல்ல ஆசனத்தை நடுத்தர வகுப்பார் வாங்கக்கூடிய விலையில் செய்யும் சாமர்த்தியம் இல்லையென்று எவர் சொல்லத் துணிவார்?

இங்கேதான் வெள்ளகவியின் நினைவு மறுபடியும் வருகிறது. குழந்தை ஆசனம் காருடையவர்களின் விஷயம் என்று தள்ளிவிட்டால், தேசத்துக் குழந்தைகளில் பெரும்பாலோரை மறந்தவர்களாவோம். அவர்கள் செல்வது தகப்பனின் மோட்டார் சைக்கிளில், பிதுங்க வழியும் ஷேர் ஆட்டோவில், பின்புறம் தொங்கிக்கொண்டு போகும் ஜீப்பில். 194-பி பிரிவோ, நின்றுகொண்டு செல்லும் பிரயாணிகளை ஏற்றும் வண்டிகளுக்கும், குறிப்பிட்ட வேறு சில வாடகை வாகனங்களுக்கும் விலக்களிக்க ராஜ்ய சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. விலக்கு யாருக்கு? வண்டிக்கு. அபாயம் யாருக்கு? ஏழையின் குழந்தைக்கு! இருசக்கர வண்டிக்குரிய வாரும் சிறு தலைக்கவசமும் பெரிய விலையுள்ளவையல்ல. ரேஷன் அட்டை உடையவர்களுக்கு அவற்றைச் சகாய விலையில் கொடுக்க முடியாதா?

வெள்ளகவி முதலிய மலைக்கிராமங்களுக்குப் பாதை வரவேண்டும். அது சலுகையல்ல, உரிமை. டோலியில் உயிர் ஊசலாடும் கொடுமை ஒழியவேண்டும். ஆனால் பாதையோடு ஓட்டை ஜீப்பும் அளவு மீறிய பாரமும் வந்து, நடந்து சென்ற நாட்களில் பிழைத்திருந்த குழந்தையை வளைவில் பலிகொடுப்பதானால், அது என்ன முன்னேற்றம்? பாதை போடும்போதே சரிவுகளில் தடுப்புச் சுவர் வேண்டும். அப்பாதையில் ஓடும் சர்க்கார் வண்டியில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் பெல்ட் வேண்டும். சிசுக்களுக்கு இரண்டு ஆசனங்களாவது வேண்டும். பாதை கேட்டு மகஜர் எழுதும் கைகள் இதனையும் சேர்த்து எழுதட்டும்.

தேசத்தொண்டர்களுக்கு முடிவாக ஒரு வார்த்தை. எந்தக் கட்சியின் மாநாடானாலும், ஊர் ஊராக வண்டிகள் கொடி கட்டிப் புறப்படுகின்றன. ஊழியர்கள் மனைவி மக்களோடு செல்கிறார்கள். கூரைக் கதவைத் திறந்து, குழந்தையை எழுந்து நிற்கவைத்துக் கொடியசைக்கச் செய்கிறார்கள். எதிர்காலப் பிரஜை என்று மேடையிலே நாம் யாரைப் போற்றுகிறோமோ, அந்தப் பிரஜைக்கு வண்டியிலே கிடைக்கும் மரியாதை இதுதான். சீர்திருத்தம் இங்கிருந்தே தொடங்கட்டும். குழந்தைகளைத் தக்க ஆசனமின்றி ஏற்றிவரும் வண்டிகளுக்கு மாநாட்டுப் பந்தலில் இடமில்லை என்று ஒரு கட்சியாவது தீர்மானம் செய்யட்டும். மற்றக் கட்சிகள் வெட்கத்தாலாவது பின்பற்றும். சட்டசபையிலுள்ள அங்கத்தினர்கள், 194-பி பிரிவின்படி இதுவரை எத்தனை வழக்குகள், எத்தனை வாடகை வண்டிகளுக்கு விலக்கு என்று கேள்வி கேட்கட்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது நம் வழக்கமாகிவிட்டது. விபத்து நடந்தபின் அனுதாபச் செய்தியும் நிவாரணத் தொகையும் அளித்துக் கடமை தீர்ந்ததென்று இருக்கிறோம். வருமுன் காக்கும் வழி கையருகே இருக்கிறது. சற்று நேரம் வண்டியை நிறுத்தும் பொறுமையும், அழுகையைப் பொறுத்துக்கொள்ளும் மனவுறுதியும் இருந்தால் போதும். மலைவிளிம்பில் குழந்தையின் கையை விடாத தகப்பன்மார், வண்டிக்குள்ளும் விடாதிருப்பார்களாக.